தமனி விறைப்பா, நெகிழ்விழப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

முதல் வகை நீரிழிவு உள்ள வளரிளம் பருவத்தினரின் குருதிக்குழாய்களில், நோய்க்குறி எதுவும் வெளித்தெரியாத நிலையிலேயே தொடங்கிவிடும் மாற்றத்துக்குத் 'தமனி விறைப்பு' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. பொருளளவில் பிழையில்லை, ஆயினும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

கழுத்திலும் தொடையிடுக்கிலும் நாடித்துடிப்பைப் பதிவுசெய்து, இடைப்பட்ட தொலைவை அது கடக்கும் நேரத்தால் வகுத்தால் 'நாடியலை வேகம்' கிடைக்கிறது (இச்சொல்லுக்கு மறுப்பிராது என நம்புகிறேன்). வளரிளம் பருவத்தில் அது நொடிக்கு 5 மீட்டரை ஒட்டியிருக்கும். பெரியவர்களுக்கு 10 மீட்டரைத் தாண்டினால் ஆபத்து மிகுதி என்று கொள்கிறார்கள். குருதியில் மிகுந்த சர்க்கரை, தமனிச் சுவருக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், துடிப்புக்குத் துடிப்பு விரிந்து கொடுக்க வேண்டிய சுவர் கொடுக்க மறுக்கிறது, அலை விரைகிறது. அடைப்பு என்று இன்னும் எதுவும் இல்லை.

மாற்றுச் சொற்களைப் பார்ப்போம். 'தடிப்பு' என்ற சொல் கழுத்துத் தமனிச் சுவரின் கனத்தை அல்ட்ராசவுண்டில் அளப்பதற்கு வேண்டும். 'இறுக்கம்' என்றால் குழாய் குறுகியதாகப் பொருள்படும். 'விறைப்பு' எந்தச் சுவரொட்டிகளில் குடியிருக்கிறது என்பது தெரிந்ததே; பதினைந்து வயதுப் பையனின் பரிசோதனை அறிக்கையில் அது வேண்டாம். 'மீட்சி இழப்பு' இன்னும் சிக்கலானது: ரப்பரைவிட எஃகே மீட்சித்தன்மை மிக்கது என்று இயற்பியலில் படித்த மாணவர், விறைத்த தமனிக்கு மீட்சி கூடியிருக்கிறது என்றல்லவா கொள்வார்!

ஆகவே 'தமனி நெகிழ்விழப்பு' என்பதை முன்வைக்கிறேன். 'நெகிழி' பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டதே என்று கேட்கலாம். வினைச்சொல்லை யாரும் பறித்துவிடவில்லை. 'தமனி நெகிழ்விழந்து வருகிறது' என்று இயல்பாக எழுதவும் முடிகிறது. இழப்புக்கு அளவு உண்டு என்பதும் முக்கியம். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்த நீரிழிவுக் கட்டுப்பாட்டு ஆய்வில் 13 வயதினரும் இருந்தனர். தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு இதய, குருதிக்குழாய் நிகழ்வுகள் 42 விழுக்காடு குறைந்ததைத் தொடர் கண்காணிப்பு 2005இல் காட்டியது. தடுக்க இடமுள்ள நிலைக்கு முற்றிய நோயின் பெயரைச் சூட்டலாகாது.

மேற்கையைப் பட்டையால் 5 நிமிடம் இறுக்கித் தளர்த்தியதும், பெருகும் குருதியோட்டத்தால் தமனி எவ்வளவு விரிகிறது என்று பார்க்கும் சோதனைக்கு 'ஓட்டத்தூண்டல் விரிவு' என எழுதி வைத்திருக்கிறேன். நாவில் புரளவில்லை, இதைவிட நல்ல சொல் இருந்தால் தெரிவியுங்கள்.