குளிர் அறையில் வைத்த வாழைக்காயில் பாதி சாம்பலாகிறது, பாதி பச்சையாகவே குழைகிறது, ஏன்?

கேள்வி:
கேவண்டிஷ் ரகம். முக்கால் முதிர்ச்சியில் வெட்டி, சீப்பாகப் பிரித்து, பால் போகக் கழுவி, பாலிதீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறோம். அறை 10 டிகிரியில் ஓடுகிறது. பழுக்க வைத்தால் விசிறிக்கு எதிரே இருந்த பெட்டிகளில் தோல் புகை படிந்த மாதிரி மங்கிவிடுகிறது. அடுக்கின் நடுவில் இருந்தவற்றில் தோல் பச்சையாகவே இருக்க உள்ளே சதை கூழாகிறது, பையைப் பிரித்தால் புளித்த வாடை வேறு. எல்லாம் ஒரே நாள் வெட்டு. பூஞ்சைதானா, மருந்தை மாற்றணுமா?

பதில் 1:
பூஞ்சை என்றால் சீப்பை வெட்டிய இடத்தில்தான் முதலில் கறுக்கும். அது சுத்தமாக இருந்தால் மருந்தை விடுங்கள். விசிறிப் பக்கத்துக் காயின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், அடியில் பழுப்புக் கோடுகள் ஓடினால் குளிர் அடிபட்டதுதான், 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்கு அது வரும்.

கேட்டவர்:
சுரண்டினேன், கோடுகள் இருக்கின்றன. வெட்டிய இடம் சுத்தம். அப்போ நடுப்பெட்டி? அதுவும் அதே அறையில்தானே இருந்தது.

பதில் 2:
அறை ஒன்றுதான், காய் ஒன்றில்லை. சுவரில் தெரிவது காற்றின் வெப்பநிலை. முனை கூர்மையான தெர்மாமீட்டரை நடுப்பெட்டிக் காயின் சதைக்குள் குத்திப் பாருங்கள், பல டிகிரி கூடவே காட்டும். வெட்டிய பிறகும் காய் சுவாசிக்கும், வெப்பமும் விடும், அதோடு வயலின் சூடும் சேர்ந்தே வருகிறது. பெட்டியில் துளை இருந்தாலும் உள்ளே பை அதை அடைத்துக்கொண்டிருந்தால் குளிர்காற்று நுழைய வழியே இல்லை. கட்டிய பைக்குள் ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு ஏறும், அதனால்தான் அந்த வாடை. கரியமில வாயு அளவுக்கு மீறினால் சதை மட்டும் இளகும், தோல் நிறம் மாறாது. 24 டிகிரிக்கு மேல் சூட்டில் பழுத்தாலும் கேவண்டிஷுக்கு இதே கதிதான்.

ஆக, அறையை 13 முதல் 14 டிகிரிக்கு ஏற்றுங்கள், ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். பையை இறுகக் கட்டாமல் மடித்து விடுங்கள், இல்லை சிறு துளையுள்ள பை வாங்குங்கள். பெட்டிகளை இடைவெளி விட்டு, துளைகள் நேர்க்கோட்டில் வரும்படி அடுக்கினால் பாதி வேலை முடிந்தது.

கேட்டவர்:
சரி. பெர்மாங்கனேட் பொட்டலம் போடலாமா?

பதில் 2:
அது பைக்குள் சேரும் எத்திலீனை, அதாவது காயைப் பழுக்க வைக்கும் வாயுவை, உறிஞ்சும், பச்சையாகத் தாங்கும் நாள் கூடும். ஆனால் சூட்டையும் மூச்சடைப்பையும் அது சரிசெய்யாது, முதலில் அடுக்கும் முறையைச் சரிசெய்யுங்கள்.

பதில் 1:
பழுக்க வைக்கும்போது பொட்டலத்தை மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் விடும் எத்திலீனையும் அதுவே தின்றுவிடும். 16 முதல் 18 டிகிரியில் வைத்து, முதல் நாள் எத்திலீன் விட்ட பிறகு கதவைத் திறந்து காற்றை மாற்றுங்கள். ஏற்கெனவே சாம்பலான தோல் திரும்ப மஞ்சளாகாது, லேசாக அடிபட்டவை உள்ளே நன்றாகத்தான் இருக்கும், அவற்றைத் தனியாகப் பிரித்து முதலில் விற்றுவிடுங்கள்.