ட்ரைவர் அடி ஒண்டு நேர போனா ஆறு வலப்பக்கம் – லொஃப்ட் மாத்திறதோ, ஷாஃப்ட் மாத்திறதோ?

கொக்குவிலான்:

வணக்கம். யாழ்ப்பாணத்திலை இருந்து கொல்ஃப் கேள்வியோ எண்டு சிரிக்கிறவை சிரிச்சுப்போட்டு வாங்கோ, நான் பொறுப்பன்.

வயது 41. கனடாவிலை மச்சான் வீட்டிலை நிண்ட மூண்டு மாசத்திலை பிடிச்ச பைத்தியம் இது. வெளிக்கிடேக்கை தன்ரை பழைய ட்ரைவரை, கனதூரம் அடிக்கிற நீளக் கோலை, தந்துவிட்டார். தலையிலை 9 பாகை எண்டு கிடக்கு, அது தான் லொஃப்ட், முகத்தின்ரை சாய்வு. ஷாஃப்டிலை, அதாவது தண்டிலை, எக்ஸ் எண்டு கிடக்கு, நல்ல கடினமான ரகம். நீளம் அளந்து பாத்தன், 45¾ அங்குலம். மச்சான் ஆறடி இரண்டு, ஜிம்முக்குப் போற ஆள். நான் ஐஞ்சடி ஆறு, கந்தோரிலை இருக்கிற ஆள்.

பின்வளவிலை இரண்டு தென்னைக்கு நடுவிலை குருநகரிலை வாங்கின பழைய மீன்வலையைக் கட்டி அடிக்கிறன். இரண்டு மாசத்துக்கு ஒருக்கா மூண்டு பேர் சேந்து வான் பிடிச்சு சீனக்குடாவுக்குப் போறம். விமானப்படையின்ரை மைதானம், 18 குழி. அங்கை தான் மானம் போறது. ஏழாம் நம்பர் அயன், கட்டையான இரும்புத்தலைக் கோல், 135 யார் தூரம் ஒழுங்காப் போகும். ட்ரைவரை எடுத்தா பத்திலை ஆறு வலப்பக்கம் வளைஞ்சு பத்தைக்குள்ளை போகுது, இரண்டு நிலத்தோடை ஓடுது, ஒண்டு இடப்பக்கம். மிச்சம் ஒண்டு 200 யார் நேர போகும். அந்த ஒண்டுக்காகத் தான் திரும்பவும் போறன்.

கொழும்பிலை ஒருத்தர் 10.5 பாகை, ஆர் எண்ட சாதாரண ஷாஃப்ட் போட்ட ட்ரைவர் ஒண்டை 85,000 ரூபாய்க்குத் தாறன் எண்டுறார். வாங்கிறதோ? இல்லாட்டி இதுக்கு ஷாஃப்டை மட்டும் மாத்திறதோ? என்ரை ட்ரைவரின்ரை கழுத்திலை லொஃப்ட் கூட்டிக் குறைக்கிற வளையம் இருக்கு. சாவி தான் இல்லை.

பௌதிக மாஸ்ரர்:

85,000 ரூபாயைப் பொக்கற்றுக்குள் வையும். முதலில் ஒரு வெண்கட்டி எடும்.

வெண்கட்டியை ஈரமாக்கி ட்ரைவர் முகத்தில் மெல்லிசாகப் பூசிக் காய விட்டு, உம்முடைய மீன்வலைக்குள் இருபது அடி அடியும். ஒவ்வொரு அடியும் முகத்தில் வட்டமாக ஓர் அடையாளம் விடும். பந்தின் குழிகள்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஐந்து அடிக்கு ஒருக்கால் துடைத்துப் பூசும். வலைக்குள் பந்து வளைவதைப் பார்க்க முடியாது, ஆனால் எங்கே பட்டது என்பதைப் பார்க்கலாம்.

ஏன் கேட்கிறேன் என்றால், ட்ரைவர் தலை உள்ளே வெறுமையான பெரிய பெட்டி, 460 கன சென்ரிமீற்றர் வரை. அதன் ஈர்ப்பு மையம் முகத்துக்குப் பின்னால் இருக்கிறது. பந்து குதிப்பக்கம், அதாவது ஷாஃப்டுக்குக் கிட்டப் பட்டால் தலை ஒரு பக்கம் திரும்பும். முகத்தோடு ஒட்டி நிற்கும் பந்து பற்சில்லு மாதிரி மறுபக்கம் சுழலும். வலக்கைக்காரருக்கு அந்தச் சுழற்சி வலப்பக்க வளைவு. நுனிப்பக்கம் பட்டால் இடப்பக்க வளைவு. இதை எந்த ஷாஃப்டும் மாற்றாது.

வல்வைப் பெடியன்:

அண்ணை, நான் கேள்விப்பட்டது வேற மாதிரி. காத்திலை அடிக்கிறதெண்டா லொஃப்டைக் குறைக்க வேணும். வல்லை வெளியிலை சோளகத்துக்கை அடிச்சுப் பாத்தனான், உயரப் போன பந்து உப்புவெளிக்கை போட்டுது. 8 பாகை எடுங்கோ, தாழ அடிக்கலாம். கடினமான ஷாஃப்ட் எண்டா ஆடாது, நேர போகும்.

கொழும்பு எட்டு:

தம்பி, முதல்ல வல்லை வெளியிலை றோட்டுக்குப் பக்கத்திலை அடிக்கிறதை நிப்பாட்டும். மோட்டச்சைக்கிள்காரன் ஒருத்தனுக்குப் பட்டா, பேந்து கொல்ஃப் கதை இல்லை, பொலிஸ் கதை தான்.

நான் பொறளை றோயல் கொழும்பு மைதானத்திலை ஏழு வருசம் கடியா, ஆடுறவையின்ரை கோல் பை சுமக்கிற ஆளா, நடந்தவன். களனிவெளி ரயில் மைதானத்துக்குள்ளாலை போகும், பந்தை வைச்சுட்டு ரயில் போகுமட்டும் நிக்கிறது ஒரு பழக்கம். அங்கை நான் தோளிலை சுமந்த எக்ஸ் ஷாஃப்டுகளுக்குக் கணக்கில்லை. அதுக்கு ஏத்த வேகம் இருந்த ஆக்கள் இரண்டோ மூண்டோ பேர். மிச்ச ஆக்கள் எல்லாம் ஆம்பிளைத்தனத்துக்கு வாங்கினவை.

கொக்குவிலான் அண்ணை, ஏழாம் நம்பர் 135 யார், ட்ரைவர் நல்லாப் பட்டா 200 யார் எண்டா உங்கடை வேகம் மணிக்கு 90 மைலுக்கு அங்காலை இஞ்சாலை. அது ஆர் ஷாஃப்டின்ரை வேகம். எஸ் எண்டுற கொஞ்சம் கடினமானது 95க்கு மேலை, எக்ஸ் அதுக்கும் மேலை. கம்பனிக்குக் கம்பனி வித்தியாசம், ஒருத்தன்ரை ஆர் இன்னொருத்தன்ரை எஸ் மாதிரி இருக்கும். எழுத்தை நம்பாதேங்கோ, ஷாஃப்டின்ரை நிறையைக் கிராமிலை பாருங்கோ. 50, 55 கிராம் போதும்.

லொஃப்ட் விசயத்திலை பெடியன் சொன்னது உங்களுக்குச் சரிவராது. உங்கடை வேகத்துக்கு 8 பாகை எண்டா பந்து எழும்பாமலே விழுந்துபோடும். இப்ப இரண்டு நிலத்தோடை ஓடுது எண்டுறியள், அதுக்கும் 9 பாகை ஒரு காரணமா இருக்கலாம். காத்துக்குத் தாழ அடிக்க வேணுமெண்டா டீயை, பந்து வைக்கிற முளையை, கொஞ்சம் பதிச்சு மெதுவா அடிக்கலாம்.

கொக்குவிலான்:

மாஸ்ரர், வெண்கட்டி கதை வெக்கக்கேடு. இருபது அடி. 13 குதிப்பக்கம், அதிலை நாலு கழுத்துக்குக் கிட்டக் கிட்ட. 4 நடு. 3 நுனி. நடுவிலை பட்டதுக்குச் சத்தமே வேற, "டக்" எண்டு. குதியிலை பட்டது தகரத்திலை தேங்காய் விழுந்த மாதிரி. மனுசி குசினியிலை இருந்து, "இப்ப பட்டது நல்ல அடி" எண்டு சொல்லத் துவங்கீட்டா.

ஒரு கேள்வி. அயன் நேர போகுது, இது மட்டும் ஏன் இப்பிடி? கை ஒண்டு தானே?

பௌதிக மாஸ்ரர்:

கை ஒன்றுதான், பிழையும் ஒன்றுதான். அயன் அதை மறைக்கிறது.

உம்முடைய ஏழாம் நம்பர் ஏறக்குறைய 37 அங்குலம், லொஃப்ட் 30 பாகைக்கு மேல். பந்து பின்னோக்கி வேகமாகச் சுழலும். அந்தப் பெரிய சுழற்சிக்குள் பக்கச் சாய்வு கொஞ்சம் இருந்தாலும் தெரியாது. ட்ரைவரில் லொஃப்ட் 9 பாகை, பின்சுழற்சி குறைவு. முகம் அதே இரண்டு பாகை திறந்தாலும் சுழற்சி அச்சு நன்றாகச் சரிந்துவிடும், பந்து பத்தைக்குள் போகும். போதாததற்குக் கோல் அயனைவிடக் கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம் கூட நீளம். உம்முடைய உயரத்துக்கு அந்த நுனியை நடுவில் கொண்டுவந்து சேர்ப்பது சுலபமில்லை.

ஆகவே வரிசை இதுதான். முதலில் காசில்லாத வேலை: பிடியில் ஒரு அங்குலம் கீழே பிடியும். கோலை வெட்டாதேயும். ஒரு அங்குலம் வெட்டினால் தலை லேசாகப் படும், பிறகு ஈயம் ஒட்டித் திரிய வேண்டும். டீயைப் பாதிப் பந்து தலைக்கு மேலே தெரியுமளவுக்கு வையும். இரண்டாவது, கழுத்து வளையத்தை 10.5 பக்கம் திருப்பும். லொஃப்ட் கூடுவது ஒரு லாபம். கூட்டும்போது முகம் நிலத்தில் கொஞ்சம் மூடி நிற்கும், அது வலப்பக்க வளைவுக்கு இன்னொரு லாபம். மூன்றாவதுதான் ஷாஃப்ட்.

சாவி என்று சைக்கிள் கடை அலன் கீயை உள்ளே விட்டுவிடாதேயும். நட்சத்திரத் தலை ஆணி அது, அளவான இறுக்கம் வந்ததும் "கிளிக்" என்று சத்தம் வரும் சாவிதான் வேண்டும். கண்டபடி இறுக்கினால் மரை போய்விடும், கூடக் கழுத்தும்.

வல்வைப் பெடியன்:

விளங்குது மாஸ்ரர். ஆனா நீளம் குறைச்சா தூரம் குறையுமே?

கொழும்பு எட்டு:

நடுவிலை பட்டா குறையாது. 2017 இலை அமெரிக்க ஆட்டக்காரர் றிக்கி ஃபௌலர் 43½ அங்குல ட்ரைவரோடை ஆடினவர். அப்ப உலகத்திலை முன்னுக்கு நிண்ட ஆளே கோலைக் குறைக்கேக்கை, கந்தோர்க்காரர் எங்களுக்கு 45¾ எதுக்கு?

அண்ணை கிரிக்கெட் ஆடினனீங்களோ? சென்ட்ரலோ, சென்ஜோன்ஸோ? ஓவ் சைட்டிலை கட் அடிச்ச கை எண்டா பந்துக்குக் குறுக்காலை வெட்டத் தான் வரும். அதையும் ஷாஃப்ட் மாத்தாது.

கொக்குவிலான்:

அதைச் சொன்னா இந்த இழை மூண்டு நாளைக்குக் கொல்ஃப் கதைக்காது. அந்த இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் கிரிக்கெட்டிலை 1904 இலை துவங்கின சண்டை இஞ்சை வேண்டாம்.

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன். ஒரு அங்குலம் கீழை பிடிச்சு வலைக்குள்ளை நாளுக்கு முப்பது அடி. போன சனி சீனக்குடா. கச்சான் காத்து மண்ணை அள்ளி முகத்திலை போட்டுது. அங்கை ஒரு ஐயாவிட்டை அதே கம்பனிச் சாவி இருந்தது, 10.5க்குத் திருப்பித் தந்தார், கிளிக் சத்தம் எனக்கும் கேட்டுது. 14 தரம் ட்ரைவர் எடுத்தன், 8 நேர நிண்டுது. வலப்பக்கம் நாலு, அதிலை இரண்டு பந்து தான் துலைஞ்சது. மிச்சம் இரண்டு இடப்பக்கம். தூரம் குறையேல்லை.

ஆனா பதினாறாவது குழிக்குப் பிறகு கை விட்டுப்போச்சு. கோல் இரும்புக் கம்பி மாதிரி, வளையவே மாட்டுது. இப்ப ஷாஃப்டை யோசிக்கலாமோ?

கொழும்பு எட்டு:

இப்ப யோசிக்கலாம். 85,000 குடுக்கத் தேவையில்லை, ஆர் ஷாஃப்ட் மட்டும், 50, 55 கிராம், 45 அங்குலத்துக்குப் போட்டு எடுங்கோ. ஒண்டு கவனம்: ஷாஃப்டின்ரை அடியிலை இருக்கிற வளையம் கம்பனிக்குக் கம்பனி வேற. உங்கடை தலைக்குப் பொருந்துற வளையம் போட்டதா எண்டு படம் வாங்கிப் பாத்துட்டுக் காசு குடுங்கோ. மச்சானைக் கேட்டா அனுப்புவார், தந்த ஆளுக்கு அது கடமை.

பௌதிக மாஸ்ரர்:

வந்தபின் முதல் வேலை மறுபடி வெண்கட்டி. பழைய ஷாஃப்டை எறியாதேயும். அதுசரி, அந்த வலையின் கண் எவ்வளவு அகலம்? கொல்ஃப் பந்து 43 மில்லிமீற்றர்கூட இல்லை.

கொக்குவிலான்:

மாஸ்ரர், நேற்றுத் தான் கண்டுபிடிச்சன். பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குள்ளை மூண்டு பந்து கிடந்தது. ஆச்சி அதை முட்டையெண்டு எடுத்து வைச்சிருக்கிறா.