தெருக்கடை பெர்மிட், டாக்சி லைசன்ஸ்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கட்டணத்தை யார், எப்படிப் போடுகிறார்கள்?

சாட்ஸ்வொர்த்_வடைக்கடை:
வணக்கம். நடைபாதையில் சமோசா, வடை விற்கும் கடை. வீட்டில் ஒரு மினிபஸ் டாக்சியும் ஓடுகிறது. ஜூலை பில்லில் கடை இடத்துக்கான கட்டணம் ஏறியிருக்கிறது. முனிசிபாலிட்டி கவுண்டரில் கேட்டால் "கவுன்சில் போட்டது" என்பதோடு சரி. எந்தக் கணக்கில் இந்தத் தொகை வருகிறது? ஆட்சேபிக்க வழி உண்டா? டாக்சிக்கும் இதே கவுன்சில்தானா?

பட்ஜெட்_பூச்சி:
முனிசிபாலிட்டியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2003-ஆம் வருடத்து முனிசிபல் நிதி நிர்வாகச் சட்டப்படி, வரைவு பட்ஜெட்டை 90 நாள் முன்பே, அதாவது மார்ச் முடிவதற்குள், கவுன்சில் முன் வைத்தாக வேண்டும். கட்டணப் பட்டியலும் அதோடு சேர்ந்தே வரும். உடனே பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். மே மாதம் முடிவதற்குள் ஒப்புதலுக்கு எடுத்துவிடுவார்கள். ஆகவே உங்கள் குரல் எடுபடும் காலம் ஏப்ரல். ஜூலையில் போய் நிற்பது தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி.

தொகை எப்படி வருகிறது என்றால், 2000-ஆம் வருடத்து முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, சேவைக்கு ஆகும் செலவைக் கட்டணம் காட்ட வேண்டும் என்கிறது. உங்கள் விஷயத்தில் குப்பை அள்ளுவது, கழிப்பறை, தண்ணீர், கூரை பராமரிப்பு, மேற்பார்வை ஆள் சம்பளம். நடைமுறையில் ஒவ்வொரு வருடமும் இதைப் புதிதாகக் கூட்டிப் பார்ப்பது அபூர்வம். போன வருடத் தொகை மேல் ஒரு சதவீதம் ஏற்றிவிடுவார்கள். விலைவாசி உயர்வை மிஞ்சி ஏற்றினால் காரணம் எழுத வேண்டும் என்று தேசியக் கருவூலம் தன் பட்ஜெட் சுற்றறிக்கையில் சொல்கிறது. அந்தக் காரணத்தைத்தான் நீங்கள் பட்ஜெட் ஆவணத்தில் தேட வேண்டும்.

சின்னத் தொகையில் சில்லறை இல்லாமல் முழுமையாக்குவதும் விளையாடும். உதாரணத்துக்கு மாதம் 80 ராண்ட், ஏற்றம் 5%. கணக்குப்படி 84. அதை 5-இன் மடங்காக்கினால் 85, ஏற்றம் 6.25% ஆகிவிட்டது. 10-இன் மடங்கு என்றால் இந்த வருடம் 80-லேயே நிற்கும், அடுத்த வருடம் அந்த 84-இன் மேல் 5% ஏறி வரும் 88.20 என்பது 90 ஆகும். ஒரே அடியில் 12.5%. ஆட்சேபம் எழுதும்போது "ரொம்ப அதிகம்" என்று எழுதினால் கோப்பில் போய்விடும். பட்டியலின் வரி எண் (எத்தனையாவது வரிசை என்பது, டாக்ஸ் எண் அல்ல), பழைய தொகை, புதிய தொகை, உண்மையான சதவீதம், இந்த நாலையும் எழுதுங்கள். வாட் சேர்த்த தொகையையும் சேர்க்காத தொகையையும் ஒப்பிட்டுவிடாதீர்கள். பாதிப் புகார் அங்கேயே செத்துப்போகும்.

வார்விக்_ஓரம்:
பூச்சி சொன்னது சரி, ஆனால் முதலில் ஏறியது கட்டணமா, உங்கள் வகையா என்று பாருங்கள். கூரை இல்லாத இடம் கூரை உள்ள இடம் என்று மாறியிருந்தாலோ, அளந்த அளவு கூடியிருந்தாலோ, அது கவுன்சில் போட்ட ஏற்றமே அல்ல, ஒரு அதிகாரி எடுத்த முடிவு. பதில் வழியும் வேறு. அதிகாரி தனக்கு ஒப்படைத்த அதிகாரத்தில் எடுத்த முடிவென்றால், தெரிவித்த நாளிலிருந்து 21 நாளுக்குள் சிஸ்டம்ஸ் சட்டம் 62-ஆம் பிரிவின்படி முனிசிபல் மேனேஜருக்கு எழுத்தில் அப்பீல் போடலாம். முழுக் கவுன்சிலும் வாக்களித்துப் போட்ட கட்டணத்துக்கு இந்த அப்பீல் கிடையாது. ஹைகோர்ட்தான், ஒரு வடைக்கடைக்கு அது கட்டுப்படியாகாது.

இன்னொன்று. இடத்துக்கான பெர்மிட் வேறு, வியாபார லைசன்ஸ் வேறு. 1991-ஆம் வருடத்து பிசினசஸ் சட்டத்தில் தெருவில் சாப்பாடு விற்க லைசன்ஸ் வேண்டும். வளையல், துணி விற்பவருக்கு அது வேண்டாம், இட பெர்மிட் போதும். உங்களுக்கு இரண்டும் வேண்டும், மேலே சுகாதார அதிகாரி பார்த்துக் கொடுக்கும் தகுதிச் சான்றும் வேண்டும் (2018-இன் ஆர்638 விதிகள்). அந்தச் சான்று இன்னொருவர் பெயருக்கு மாறாது. கடையை மகனிடம் விட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

சாட்ஸ்வொர்த்_வடைக்கடை:
நன்றி. செலவுக் கணக்கைக் காட்டு என்று கேட்க முடியுமா?

பட்ஜெட்_பூச்சி:
முடியும். 2000-ஆம் வருடத்துத் தகவல் பெறும் சட்டத்தில், படிவம் 2. பதில் தர 30 நாள். "எல்லா ஆவணமும்" என்று கேட்காதீர்கள். "இந்த வரி எண்ணுக்கான செலவுக் கணக்கீடு, இந்த நிதியாண்டு" என்று குறுக்கிக் கேளுங்கள். கட்டணத் தீர்மானத்தின் நகலை முனிசிபல் தலைமை அலுவலகத்தில் 30 நாளாவது ஒட்டி வைக்க வேண்டும், எந்தத் தேதி முதல் அமல் என்று பத்திரிகையிலும் அறிவிக்க வேண்டும் (சிஸ்டம்ஸ் சட்டம், 75ஏ பிரிவு). அந்தத் தேதிக்கு முந்தைய மாதத்துக்குப் புதிய தொகை போட்டிருந்தால் உடனே சுட்டிக்காட்டுங்கள்.

ரேங்க்_கணக்கு:
டாக்சிக் கேள்விக்கு: ஆப்பரேட்டிங் லைசன்ஸை, அதாவது பயணிகளை ஏற்றி ஓட்டும் அனுமதியை, முனிசிபாலிட்டி தருவதில்லை. 2009-ஆம் வருடத்து தேசியத் தரைவழிப் போக்குவரத்துச் சட்டப்படி மாகாண ஒழுங்குமுறை அமைப்பு தருகிறது. உங்களுக்கு குவாசுலு-நட்டால் மாகாணம். அதிகபட்சம் 7 வருடம். வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் லைசன்ஸ் டிஸ்க்கின் கட்டணமும் மாகாணத்துடையதே. முனிசிபாலிட்டிக்கு உள்ள பங்கு இரண்டு: அந்த ரூட்டில் இன்னொரு வண்டிக்கு இடமுண்டா என்று தன் போக்குவரத்துத் திட்டத்தை வைத்து மாகாணத்துக்குச் சொல்வது, பிறகு ரேங்க், அதாவது டாக்சி நிறுத்தம். ரேங்கில் நிற்கக் கட்டணம் இருந்தால் அது மட்டும் பூச்சி சொன்ன பட்டியலில் வரும்.

டாக்சி சங்கத்தில் சேரும் தொகை பெரும்பாலும் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அதை எந்தக் கவுன்சிலும் போடவில்லை, எனவே கவுன்சிலிடம் முறையிட்டுப் பயனில்லை. புதுப்பிப்பதை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். காலாவதியாகும் முன்பே மனு கொடுத்து, வாங்கிய ரசீதின் நகலை வண்டியிலேயே வையுங்கள்.