கடும் ஓட்டத்துக்குப் பின் மூளையின் இரசாயனத்தில் என்ன மாறுகிறது?

மாங்குளம் மாணவி:
வணக்கம். நான் உயர்தர உயிரியல் பிரிவு மாணவி. பாடசாலைக்காக 800 மீற்றர் ஓடுகிறேன். பின்னேரப் பயிற்சி முடிந்து, கிணற்றடியில் குளித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், காலையில் பிடிபடாத பாடமும் தெளிவாக விளங்குகிறது. ஆனால் உடம்பு களைத்தால் மூளையும் களைக்கும், பரீட்சை வரை ஓட்டத்தை நிறுத்து என்கிறார் அப்பா. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டோர்பினைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அறிந்தவர்கள் சொல்வீர்களா?

உயிரியல் ஆசிரியர், கிளிநொச்சி:
பிள்ளை, உங்கள் அனுபவத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். இரண்டாம் சுற்றில் தசைகள் பெருமளவில் வெளிவிடும் லக்டேற்றை வெறும் கழிவென்றே நாங்கள் படித்தோம்; உண்மையில் அது இரத்தத்தோடு மூளையை அடைந்து, குளுக்கோசுக்குத் துணையான எரிபொருளாகிறது. 2016இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், நலமான 38 பேரை ஆராய்ந்தார்கள். நிலைத்த சைக்கிளில், அதிகபட்ச இதயத்துடிப்பின் 85 சதவீதத்தை எட்டும் அளவுக்கு மிதித்தவர்களின் மூளையைக் காந்தப்புலக் கருவியால் அளந்தபோது, பார்வைக்குரிய பகுதியில், நரம்புக்கலங்களிடையே செய்தி கடத்தும் இரசாயனங்களான குளுட்டமேற்று, காபா ஆகிய இரண்டும் கூடியிருந்தன; கவனத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய முன்பகுதியொன்றில் குளுட்டமேற்று கூடியிருந்தது. இரணைமடுக் குளத்தின் துருசை, அதாவது நீர் திறந்துவிடும் மதகை, நினைத்துக்கொள்ளுங்கள்: குளுட்டமேற்று அதைத் திறப்பதுபோல நரம்புக்கலங்களைத் தூண்டும், காபா இறக்குவதுபோல அடக்கும். கடும் பயிற்சியின்போது மூளை உள்ளெடுக்கும் எரிபொருளின் ஒரு பங்கு, எரிந்துபோகாமல் இந்தக் கடத்திகளை ஆக்கவே செலவாகிறது என்பது அவர்களின் கருத்து. எனக்கு இது மிகவும் பொருத்தமாகப்படுகிறது. ஆயினும் அளக்கப்பட்டது இரசாயனமே, பரீட்சைப் புள்ளியல்ல என்பதையும் அப்பாவிடம் நேர்மையாகச் சொல்லுங்கள்.

மருத்துவத் தாதி, முல்லைத்தீவு:
எண்டோர்பின் பற்றி ஒரு திருத்தம். இரத்தத்தில் கூடும் எண்டோர்பின் பெரிய மூலக்கூறாதலால், மூளையைக் காக்கும் குருதித் தடுப்பை எளிதில் கடப்பதில்லை. மூளைக்குள்ளேயே அது வெளிப்படுவதை 2008இல் ஜேர்மனிய ஆய்வொன்று காட்டியது உண்மைதான், ஆனால் அதில் பங்கேற்ற 10 பேரும் இரண்டு மணிநேரம் ஓடியவர்கள். உடலே ஆக்கும், கஞ்சாவின் செயற்பொருளைப் போலச் செயற்படும், கொழுப்பில் கரையும் அனந்தமைட்டோ தடுப்பை இலகுவாகக் கடக்கும். ஓட்டத்துக்குப் பின்வரும் அமைதிக்கு அதற்கே கூடுதல் பங்கிருக்கும் என்று கருதுகிறேன்.

முன்னாள் பயிற்றுநர், துணுக்காய்:
சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நீர் குறைந்தால் கவனமும் குறையும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறை பார்த்து, குறைந்த நிறைக்கு ஈடாக நீர் குடித்த பின்பே படிக்க உட்காருங்கள், தங்கச்சி.

மாங்குளம் மாணவி:
மிக்க நன்றி. துருசு உதாரணத்தை இன்றிரவே அப்பாவிடம் சொல்கிறேன்; அவர் இரணைமடு நீரில் வயல் செய்தவர்.