பழைய ஐ5 சிஸ்டத்தை 4கே டிவியில் மாட்ட எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

அம்பைக்காரன்:
ஆபீஸில் கழித்துவிட்ட சிஸ்டம் ஒன்றை வாங்கி வந்து ஹாலில் 43 இன்ச் 4கே டிவியோடு மாட்டியிருக்கிறேன். ஐ5-4570 சிபியு, 8 ஜிபி ராம், ஒல்லியான கேபினெட். திருநெல்வேலி டவுனில் இருக்கும் தம்பி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் போனில் 4கே-யில் எடுத்து பென் டிரைவில் கொடுத்தான். அம்மாவுக்கு முட்டுவலி, மூன்று வருஷமாகத் தேர் பார்க்கப் போக முடியவில்லை. போட்டுக் காட்டினால் மேளச் சத்தம் ஓடுகிறது, படம் வாகையடி முக்கில் தேர் திரும்பும்போதே உறைந்துவிடுகிறது. சிபியு 100 காட்டுகிறது. பழைய படங்களெல்லாம் நன்றாக ஓடுகின்றன. கடையில் ஜிடி 710 கார்டு, 2 ஜிபி போதும் என்கிறார்கள். வாங்கலாமா? பக்கத்து அறையில்தான் அம்மா தூங்குவார்கள், ஃபேன் இரைச்சல் ஆகாது.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:
அண்ணாச்சி, 710 வேண்டாம். படம் ஓட்டுவதற்கு 2 ஜிபியா 4 ஜிபியா என்பது கணக்கே இல்லை, கார்டுக்குள் எந்த டிகோடர், அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் பகுதி, இருக்கிறது என்பதுதான் கணக்கு. போன் எடுக்கும் 4கே பெரும்பாலும் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கியிருக்கும். அதை 710-க்குப் பிரிக்கத் தெரியாது. பாரம் திரும்பவும் சிபியு தலையில்தான் விழும். அதோடு டிவிக்குப் போகும் அதன் ஹெச்டிஎம்ஐ 1.4-தான், 4கே-யில் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 படம், தாண்டாது.

ஜிடி 1030 பாருங்கள். 10 பிட் ஹெச்இவிசி, யூடியூப் பயன்படுத்தும் விபி9 இரண்டும் பிரிக்கும், 4கே 60 ஹெர்ட்ஸ் வரும். மொத்தம் 30 வாட்தான், தனி பவர் வயர் வேண்டாம், ஃபேன் இல்லாத மாடலும் இருக்கிறது. ஆனால் வேகம் குறைந்த டிடிஆர்4 மெமரி போட்ட 1030-உம் அதே பெயரில் விற்கிறார்கள். பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ஒல்லிக் கேபினெட்டில் கார்டைப் பொருத்தக் குட்டைத் தகடு வேண்டும், பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். ஃபேன் இல்லாத கார்டை ஷோகேஸுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். நம்மூர் சித்திரை வெயிலில் அந்த அலுமினியத் தகட்டைத் தொட முடியாது.

தென்காசிச் சாரல்:
1030-க்கு யூடியூப் பயன்படுத்தும் புது வீடியோ முறையான ஏவி1-ஐப் பிரிக்கத் தெரியாது. யூடியூப் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் இன்டெல் ஆர்க் ஏ310 கார்டு நல்லது, ஏவி1-உம் பிரிக்கும். இல்லையென்றால் கார்டே வேண்டாம், இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி ஒன்று வாங்கிவிடுங்கள். 6 வாட் சிப், கரண்ட் போனால் இன்வெர்ட்டரிலும் கவலையில்லாமல் ஓடும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அம்பைக்காரன்:
சிஸ்டம் கையில் இருப்பதால் 1030-ஏ வாங்கிவிட்டேன், ஃபேன் இல்லாதது. டாஸ்க் மேனேஜரில் வீடியோ டிகோட் கோடு மேலே ஏறுகிறது, சிபியு 10-க்குள் நிற்கிறது. படம் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. வடம் பிடிக்கிற கூட்டத்தில் பெரியப்பா நிற்கிறார் என்று அம்மா நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஒரே ஒரு சிக்கல், டிவியில் சத்தம் வரவில்லை. இப்போதைக்குப் பழைய ஸ்பீக்கரில் ஓடுகிறது.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:
ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. கார்டு வழியாகப் போகும் சத்தம் தனி, விண்டோஸ் இன்னும் பழைய போர்டின் சவுண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே ஸ்பீக்கர் படத்தை அமுக்கி, டிவி பெயர் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.