லூயிஸ்பர்க் போய்வந்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. ஜூலை கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கனடாவின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டைக்குப் போகிறோம். 1713-இல் பிரெஞ்சுக்காரர் குடியேறிய ஊர். எங்களை இழுப்பது கோட்டையைவிட அங்கே நடந்த காட் (cod) மீன் தொழில்தான். மீனைக் கீறி, குடலெடுத்து, உப்புப் போட்டு, கரையோரத் தட்டிகளில் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பருத்தித்துறையில் கருவாட்டுக்கு நடுவில் வளர்ந்த அப்பாவுக்கு அதை நேரில் பார்க்க அவ்வளவு ஆசை.

கோட்டையில் அந்தக்கால உடையில் நின்று பழைய வாழ்க்கையை நடித்துக் காட்டுபவர்கள் மீன் கீறுவதையும் செய்து காட்டுவார்களா? அப்பாவும் ஒரு கை பார்க்கலாமா? எந்த நேரம் போனால் நல்லது? அப்புறம், அவருக்கு முழங்கால் வலி. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து நிறைய நடக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.