ரயில் நிலைய பார்க்கிங் நோட்டீஸ் (இங்கிலாந்து): கட்டுவதா, எதிர்ப்பதா?

கேள்வி: ஸ்டேஷன் கார் பார்க்கில் மெஷின் வேலை செய்யவில்லை. தனியார் கம்பெனி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கட்டிவிடலாமா?

பதில் 1: அவசரப்பட்டுக் கட்டாதீங்க. நோட்டீஸில் ஒப்பந்த மீறல்னு இருக்கா, பைலா 14-னு (ஸ்டேஷனில் வண்டி நிறுத்துவது பற்றிய ரயில்வே விதி) இருக்கா பாருங்க. ஒப்பந்தம்னா ஓட்டியவர்தான் பொறுப்பு. பைலா உள்ள ரயில்வே நிலத்தில் 2012 சட்டத்தை (Protection of Freedoms Act) வைத்து அந்தப் பொறுப்பை, கார் யார் பெயரில் பதிவாகியிருக்கோ அவர் தலையில் கட்ட முடியாது. அதனால் ஓட்டியது யார்னு காட்டிக்கொடுக்காதீங்க; அப்பீலில் "நான் நிறுத்தினேன்" வேண்டாம். "கார் நிறுத்தப்பட்டது" போதும்.

பதில் 2: பைலா 14 என்றால் உரிமையாளரையே பிடிப்பார்கள், கவனம். ஆனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

பதில் 3: மெஷின் திரை, கட்டணப் பலகை இரண்டின் போட்டோவும் இணைத்து 28 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதுங்க. ஆப்பில் கட்டலாம்னு பலகையில் இருந்தால் மெஷின் வாதம் பலவீனம்தான். நிராகரித்தால் பாப்லா (POPLA, பார்க்கிங் அப்பீல்களைப் பார்க்கும் தனி அமைப்பு) கோட் கேளுங்க. அப்பீல் இலவசம், ஆனால் அங்கே தோற்றால் சீக்கிரம் கட்டுவதற்கான கட்டணக் குறைப்பு கிடைக்காது.